எழுபதுக்கும் எழுபத்தொன்பதுக்கும் இடையில்

தோழர்களே, இங்கிலாந்து மோட்டர்வேயில கார் ஓடுற எல்லாருக்கும் ஒரு கணக்குத் தெரியும்: எல்லை 70 மைல், 79 வரும்வரை பயமில்லை. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. 71 மைலே குற்றம்தான். பத்து வீதத்தோடு இரண்டு மைல் கூட்டுகிற அந்தக் கணக்கு பொலிஸ் தலைவர்கள் சபையின் வழிகாட்டல். அதற்குக் கீழேயும் நடவடிக்கை எடுக்கலாம். அது பொலிஸ்காரரின் விருப்பம்.

கமரா வேகத்தை அளக்கும். பொலிஸ்காரர் முகத்தையும் பார்ப்பார். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆம் பிரிவின்படி வாகனத்தை மறிக்க அவருக்குச் சந்தேகமே தேவையில்லை. ஆரை எச்சரித்து விடுகினம், ஆரை வகுப்புக்கு அனுப்புகினம், ஆருக்குத் தண்டம் எழுதுகினம்?

தண்டத்தையும் பாருங்கோ. நீதிமன்றம் போனால் வார வருமானத்தைக் கணக்கெடுப்பார்கள். மோட்டர்வேக்கு உச்சம் 2,500 பவுண். போகாமல் முடிந்தால் 100 பவுண், 3 புள்ளி. வங்கி முதலாளிக்கும் 100, இரவிரவாய் பார்சல் வான் ஓடுற எங்கட பெடியனுக்கும் 100. அவன் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாவிட்டால், இரண்டு தரம் பிடிபட்டு 6 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் போச்சு. திரும்ப எல் பலகை. வேலையும் அதோட சரி.

வேகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கமராக்கள் கூடட்டும். ஆனால் மறிக்கிற ஒவ்வொரு வாகனத்துக்கும், சாரதியின் இனம் உட்பட, பதிவு வேணும். பின்லாந்தில் பெரிய வேகக் குற்றங்களுக்குத் தண்டம் வருமானத்தோடு ஏறும். இங்கே அந்த 100 பவுணும் அப்படி ஏறி இறங்கட்டும். உங்கட எம்.பி.க்கு எழுதும்போது இந்த இரண்டையும் கேளுங்கோ.