கம்பளி விரிப்பும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு இல்லங்களில் தரையின் அழுக்குக்குத் தண்ணீரே மருந்து. கிணற்று நீரால் சீமெந்துத் தரையைக் கழுவுவர். பனையோலைப் பாயை உதறி உலரவிடுவர். 1983ஆம் ஆண்டின் பின் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறியோர் பலருக்கு, சுவர்முதல் சுவர்வரை விரிப்புப் பொருத்திய வீடுகள் வாய்த்தன. விரிப்பு கம்பளியாயின், அங்கே பழைய வழக்கம் உதவாது. வாடகை வீடாயின், பாழான விரிப்பு முற்பணத்துக்கும் கேடாகலாம்.

கம்பளி ஆட்டின் உரோமம். தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை வாங்கியும் ஈரமற்றதுபோல் தோன்றும். அளவின்றி நனைத்தால், அடியிலுள்ள சணலின் பழுப்பு மேலேறும், விரிப்பும் சுருங்கக்கூடும். சலவைச் சோடா இழையை நலிவிக்கும். குளோரின் கலந்த வெளிற்றும் திரவமோ அதனைக் கரைத்தேவிடும்.

கறிக்குழம்பு சிந்தினால் என் செய்வது? மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைப்போர் அறிவர். காரமிகு சவர்க்காரம் பட்டால் மஞ்சட் கறையும் அவ்வாறே சிவக்கும். ஆகவே, சிந்தியதைக் கரண்டியால் வழித்து, வெள்ளைத் துணியால் ஒற்றுக; தேய்த்தலாகாது. கம்பளிக்குரிய காரமற்ற சலவைத் திரவத்தைக் குளிர்நீரிற் சிறிது கலந்து, மறைவான மூலையில் முதலிற் சோதித்து, ஓரத்திலிருந்து நடுநோக்கி ஒற்றுக. பின் விசிறியால் உலர்த்துக.

அலுமாரிகளின் அடியிலும் தூசியை இயந்திரத்தால் உறிஞ்சுதல் வேண்டும். அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியைத் தின்பது அத்தகைய இருளிலேதான்.

ஊரிற் கற்ற தூய்மை நாட்டம் மாறவேண்டியதில்லை. பொருளின் இயல்பறிந்து முறையை மாற்றினாற் போதும்.