நியாயாசனம் ஏறிய நங்கை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நீதிபதி ஒருவரின் சரித்திரத்தைச் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் நம்மைப் பணித்தனர். சுப்ரீம் கோர்ட்டில் வீற்றிருந்தோரை விடுத்து, சாட்சிகளை நேரிற்கண்டு விசாரிக்கும் முதற் கோர்ட்டின் நீதிபதி ஒருவரை நாம் தேர்ந்துகொண்டோம். அவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி அம்மையார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மத்திய அரசின் நியாயாசனத்தில் முதன்முதல் அமர்ந்த கறுப்பினப் பெண்மணி.

அந்நாட்டில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனித்தனிக் கோர்ட்டுகள் உண்டு. இவையன்றி மத்திய அரசுக்கு உரிய ஜில்லாக் கோர்ட்டுகள் 94 உள. பெயரைக் கேட்டு நம்மூர் ஜில்லாக் கோர்ட்டை எண்ணிக்கொள்ளற்க. இவற்றின் நீதிபதியை ஜனாதிபதி பெயர் குறித்து அனுப்ப, செனட் சபை சம்மதித்தல் வேண்டும். பதவியேற்றபின், நன்னடத்தை உள்ளவரை அவரை எவரும் அகற்ற இயலாது. சம்பளத்தைக் குறைக்கவும் இயலாது. ஆதலின் போரெல்லாம் வாயிலிலேயே நடந்துவிடும்.

அம்மையார் 1921-ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். பெற்றோர் நீவிஸ் என்னும் மேற்கிந்தியத் தீவினின்று குடியேறியவர்கள். தந்தையார் யேல் சர்வகலாசாலை மாணவர் சங்கங்களிற் சமையல் செய்து 12 மக்களைக் காப்பாற்றியவர். மகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பப் பொருள் ஏது?

அந்நகரிற் கறுப்பின மக்களுக்கென ஒரு பொதுமன்றம் இருந்தது. அதற்குப் பொருளுதவிய கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்னும் செல்வர், மக்கள் அங்கு மிகுதியாய் வாராமைக்குக் காரணம் அறியக் கூட்டம் கூட்டினார். பதினெட்டு வயது நங்கை எழுந்தார். நிர்வாகக் குழுவினர் யாவரும் வெள்ளையர். எம்மவர்க்கு அதில் ஒரு குரலும் இல்லை. பின்னர் எங்ஙனம் வருவார்கள் என்று அச்செல்வர் முன்னிலையிலேயே கூறினார். கொடுத்தவரையே குறைகூறுவதா என்று சினந்திருக்கலாம். அவரோ அப்பெண்ணின் கல்லூரிப் படிப்பு முழுவதற்கும் செலவை ஏற்றார். கல்வி நிதிக்குக் கொடுப்போர் தம் கையை நோக்கி வணங்குவோரையே நாடுவது உலக வழக்கம். இவர் அங்ஙனம் நாடவில்லை. நமக்கு இச்சரித்திரத்தில் மிகவும் உவப்பான பகுதி இதுவே.

1946-இல் கொலம்பியா சர்வகலாசாலையிற் சட்டப்பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே தர்குட் மார்ஷல் தலைமையில் கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடும் அமைப்பிற் சேர்ந்திருந்தார். பள்ளிகளில் நிறவேற்றுமையை வீழ்த்திய 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு மூலமான பிராதைத் தயாரித்தவர்களுள் இவரும் ஒருவர். சுப்ரீம் கோர்ட்டில் 10 வழக்குகள் வாதித்து ஒன்பதில் வென்றார். ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவரை 1962-இல் மிஸிஸிப்பி சர்வகலாசாலையிற் சேர்க்க நடந்த வழக்கை வாதித்தவரும் இவரே. அவ்வழக்கை நினைவிற் கொள்க.

1966 ஜனவரியில் ஜனாதிபதி ஜான்ஸன், நியூயார்க் தென்பகுதி ஜில்லாக் கோர்ட்டுக்கு இவர் பெயரைக் குறித்தார். செனட்டின் நீதிக்குழுத் தலைவர் யார்? மிஸிஸிப்பியினின்று வந்த ஈஸ்ட்லண்ட்! கம்யூனிஸ்டுகளோடு தொடர்புடையவர் என்ற பழியைச் சுமத்தினார். ஏழு திங்கள் கடந்தன. ஆகஸ்ட் 30-ஆம் நாள் செனட் சம்மதித்தது.

வாயிலைக் கடந்தபின்னும் ஐயம் அவரைத் தொடர்ந்தது. 1975-இல் ஒரு வழக்கு வந்தது. நியூயார்க்கின் பெரிய வக்கீல் நிலையம் ஒன்று, பெண்பாலார் என்னும் காரணத்தாற் பெண் வக்கீல்களுக்கு வேலை மறுக்கிறதென்பது பிராது. எதிர்த்தரப்பு வக்கீல், அம்மையார் வழக்கினின்று விலக வேண்டுமென்று கேட்டார். இவர் பெண், கறுப்பினத்தவர், இத்தகைய வழக்குகளை நடத்திப் பழகியவர், ஆதலின் நடுநிலை நில்லார் என்பது வாதம்.

சபையோரே, இதனைச் சற்று ஆராய்வோம். துன்பம் அறிந்தவரின் கையில் துலாக்கோல் சாயும் எனின், துன்பம் அறியாதவரின் கையில் அது நேர்நிற்கும் என்பதற்கு யார் சாட்சி? அம்மையார் விலக மறுத்தார். பாலும் இனமும் முன் செய்த தொழிலுமே ஒருவரை விலக்கப் போதுமானவை எனின், இந்தக் கோர்ட்டில் எவரும் இவ்வழக்கைக் கேட்க இயலாது. இங்குள்ளோர் யாவரும் ஏதோ ஒரு பாலைச் சேர்ந்தவரே, முன்னாள் வக்கீல்களே என்பது அவர் கூறிய விடையின் கருத்து. அதிற் கோபமில்லை, கண்ணீருமில்லை. ஆடவர்க்கும் பால் என்றொன்று உண்டென்பதை எதிர்த்தரப்பினர் அன்றுவரை எண்ணியிரார் போலும்! வழக்கு அவரிடமே நின்றது; பின்னர்ச் சமாதானத்தில் முடிந்தது.

1982 முதல் 1986 வரை அதே கோர்ட்டின் தலைமை நீதிபதியாய் விளங்கினார். பின்னர் மூத்த நீதிபதியாய் இருந்து, 2005 செப்டம்பரில் 84-ஆம் வயதிற் காலமானார்.

தோற்ற ஒரு வழக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். அலபாமா ராஜ்யத்தில் கறுப்பினத்தவரைச் சர்க்கார் வக்கீல் ஜூரியினின்று ஒதுக்கியதைப் பற்றியது அது, 1965-இல் தோற்றது. அத்தீர்ப்பின்படி அத்தகைய ஒதுக்கலை மெய்ப்பிப்பது மிக அரிதாயிருந்தது. 1986-இல், வேறொருவர் தொடுத்த வழக்கில், அந்நிலையைச் சுப்ரீம் கோர்ட்டே மாற்றிற்று.