நீலமலையைக் கண்டறிந்தவர் யாவர்?

(சங்க மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



உதகையைக் கண்டுபிடித்தவர் யாரென வினவின், கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன், ஆண்டு 1819 என்று பள்ளிச் சிறாரும் தட்டின்றி விடையிறுப்பர். அவர் மலையேறியது மெய். 1822-ல் ஆங்குக் கல்வீடு கட்டத் தொடங்கியதும் மெய். மனைக்கு நிலம் பெற்றது யாரிடம்? தோடரிடமன்றோ! தோடரும் கோத்தரும் குறும்பரும் படகரும் குடியிருந்த மலை எவருக்குக் காணாமற் போயிற்று?

ஊர்ப்பெயரே சாட்சி பகரும். ஆங்கிலேயர் எழுதிய பழம்பெயரின் ஈற்றில் நிற்பது 'மந்து'. அது தோடர் குடியிருப்பின் பெயர். 'மன்று' என்பதற்குப் பசுத்தொழு என்னும் பொருளும் உண்டு. நம் சிற்றூர்களின் 'மந்தை'யும் அதன் உறவே. மண்டலமென்பது பின்னோர் ஒட்டியது.

1117-ஆம் ஆண்டுச் சாசனமொன்று, போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டானென்று கூறும். வென்றவன் அஞ்சினோர் பெயரையேனும் பொறித்தான்! 1603-ல் பினீசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியாரும் ஆங்குச் சென்று தோடரைக் கண்டு எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சியைப் பற்றி எழுதிய யுவான் சுவாங்கை, இந்நகரைக் கண்டுபிடித்தவரென்று எவரேனும் சொல்வரோ?

சல்லிவன்மேற் பழி முழுதையும் ஏற்றுதல் தகாது. மலைநிலம் தோடருக்கே உரியதென்று அவர் வாதாடினார். கேளாதது சர்க்காரே. 'கண்டுபிடித்த' நிலம் ஆளற்ற நிலமாக எண்ணப்படுதல் எளிது. எருமை மேய்ந்த புல்வெளிகளிற் பெரும்பகுதி சர்க்கார் வனமாயிற்று. சீகையும் தைலமரமும் நடப்பட்டன. எருமைப்பாலைச் சுற்றியே வழிபாட்டை அமைத்துக்கொண்ட குலத்தார்க்கு, மேய்ச்சல் போதல் கோயில் போதலை ஒக்கும்.

தறியறிந்த நம்மவர்க்கு இன்னொன்று. தோடர் பெண்டிர் வெள்ளைப் பருத்தித் துணியில், வரைந்த கோடு ஒன்றுமின்றி, இழையெண்ணியே சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்வர். நம் பட்டைப் போலவே அவ்வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துளது; அது 2013-ல்.

நிலத்தின் கதையோ வேறு. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்திற்கு உரிமை கோரும் மலைக்குடியினர் 13-12-2005-க்கு முன்னரே அது தம் அனுபவத்தில் இருந்ததென்று சான்று காட்டல் வேண்டும். சல்லிவனை எவரும் சான்று கேட்டிலர்.