நிலத்தை அளந்தால் போதாது, நீரையும் அளக்க வேண்டும்

(கோவை ஜில்லாவின் கிழக்குப் பகுதிக் கிராமம் ஒன்றில், பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு.)



இங்கே 24 குடும்பங்கள் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியிருக்கின்றன. ஆலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த தோழர்கள், கைக்கு வந்த பிராவிடண்டு பண்டையும் கிராஜுவிட்டியையும் ஒன்றாகப் போட்டு, இந்த ஊர் ஓரத்தில் 3 ஏக்கர் பழைய தோட்டத்தை வாங்கி, அதில் வீடு கட்டிக் குடியேறத் தீர்மானித்திருக்கிறார்கள். தோட்டத்தில் இடிந்த வீடு ஒன்று, சாளை ஒன்று, கிணறு ஒன்று இருக்கின்றன. அடுத்த மாதம் முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார்.

நிலத்தை அளந்தாயிற்று. வில்லங்கம் பார்த்தாயிற்று. தண்ணீருக்கு என்ன சாட்சி? "வற்றாத கிணறு" என்று தரகர் சொன்னார். நம் தோழர்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நிறைய நின்றது. திருப்தியோடு திரும்பிவிட்டார்கள்.

தோழர்களே, இது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை. தை மாதத்துக் கிணற்றைப் பார்த்து நிலம் வாங்குவது, போனஸ் வாங்கிய அன்று ஒரு தொழிலாளியின் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, இவனுக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று முடிவு கட்டுவது போன்றதாகும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு 300 கஜ தூரத்தில் விவசாயத் தொழிலாளர் காலனி இருக்கிறது. அங்கே ஒரு கைபம்பு. சற்று முன் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ஆலைக்காரர்கள் வந்து ஆயிரம் அடிக்கு போர் போட்டால், எங்கள் பம்பில் தண்ணீர் வருமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கூட்டத்தைக் கலைக்க நமக்கு உரிமை கிடையாது.

பாறைக்குள் தண்ணீர்

தஞ்சாவூர் ஜில்லாவில் காவிரி கொண்டுவந்து கொட்டிய மணல் ஆழமாகப் படிந்து கிடக்கிறது. அந்த மணல் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். நம்முடைய கொங்கு நிலம் அப்படிப்பட்டதல்ல. மேலே கொஞ்சம் மண்; அதன் கீழே மக்கிய பாறை; அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மக்கிய பாறையில் உள்ள இடுக்குகளிலும், கெட்டிப் பாறையில் அங்கங்கே ஓடும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. ஆகவே ஒரு தோட்டத்தில் தண்ணீர் இருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் இருக்காது. ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே வந்த போர்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நம் பாட்டன்மார் மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், மாடு களைத்தால் இறைப்பு நின்றது, கிணறும் ஊறிக்கொண்டது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகளும் பெருகின, பம்புகளும் பெருகின. மோட்டார் களைக்காது. இன்று பல இடங்களில் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கப்படுகிறது.

நம் தேவை எவ்வளவு, நம் மழை எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 குடும்பங்கள், வீட்டுக்கு 5 பேர் என்று வைத்தால் 120 பேர். கிராமத்தில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் வேண்டும் என்பது, 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் சர்க்கார் வைத்துள்ள அளவு. அப்படியானால் நாளைக்கு 6,600 லிட்டர். வருஷத்துக்குச் சுமார் 24 லட்சம் லிட்டர்.

இப்போது மழையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 3 ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். வருஷ மழை 650 மில்லிமீட்டர் என்று வைத்தால், அந்தத் தோட்டத்தில் விழுவது 79 லட்சம் லிட்டர். "அடேயப்பா, தேவையைப் போல மூன்று மடங்கு!" என்று சந்தோஷப்படாதீர்கள். இதில் பெரும்பகுதி ஓடிப்போகும், வெயிலில் ஆவியாகும், செடிகொடி குடித்துவிடும். இந்த மாதிரிப் பாறை நிலத்தில் பூமிக்குள் இறங்குவது, சர்க்கார் நிபுணர்கள் கைக்கொள்ளும் கணக்குப்படி, நூற்றுக்கு 8 பங்கு போலத்தான். அது 6 லட்சத்துச் சொச்சம் லிட்டர். நம் தேவை 24 லட்சம்!

இதன் பொருள் என்ன? நம்முடைய 3 ஏக்கர் நமக்குத் தருவது நாலில் ஒரு பங்கு. பாக்கி மூன்று பங்கும் பக்கத்துச் சிறு விவசாயியின் காட்டுக்கு அடியிலிருந்தும், காலனிக்கு அடியிலிருந்தும், குளத்திலிருந்தும் ஊறி வரவேண்டும். பத்திரத்தில் நிலம் நம்முடையதாக இருக்கலாம். தண்ணீர் பொதுவானது. சர்வே கல் பூமிக்குள் இறங்கித் தண்ணீரைத் தடுப்பதில்லை.

கிணற்றுக்குப் பரீட்சை

கிணற்றில் நிற்கும் தண்ணீர் கையிருப்பு. ஊறும் தண்ணீர்தான் வரவு. வரவை அளப்பதற்கு ஒரு கயிறும், ஒரு கல்லும், ஒரு கடிகாரமும் போதும்.

அந்தக் கிணறு வட்டக் கிணறு. குறுக்கே 20 அடி. அதில் ஒரு அடித் தண்ணீர் சுமார் 8,900 லிட்டர். ஒரு அங்குலம் சுமார் 740 லிட்டர். ஆகவே நாளைக்கு 6,600 லிட்டர் வேண்டுமானால், இறைத்த கிணறு ஒரு நாளில் குறைந்தது 9 அங்குலம் ஊற வேண்டும். இந்த 9 அங்குலத்தை மனதில் வையுங்கள்.

கிணற்று மேட்டில் ஒரு அடையாளம் போட்டு, கயிற்றை விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். கோடையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்குமோ அந்த மட்டம் வரை இறையுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். மறுநாளும் இறையுங்கள். மூன்றாம் நாளும் இறையுங்கள். காலை மட்டம் நாளுக்கு நாள் கீழே போனால், நீங்கள் வரவை அல்ல, கையிருப்பைத் தின்கிறீர்கள் என்று அர்த்தம்.

தை மாதச் சோதனையில் தோற்ற கிணறு தோற்றதுதான். தையில் ஜெயித்த கிணறு சித்திரையில் மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

கோடை மட்டம் எது என்று யாரைக் கேட்பது? தரகரையா? விவசாயப் பம்புக்கு இலவச மின்சாரம்; எவ்வளவு ஓடியது என்று காட்டும் பில்லும் கிடையாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் வருஷக்கணக்காகத் தண்ணீர் கட்டிய தொழிலாளி, இதோ இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எந்த வருஷம் எந்த மாதம் கிணறு வற்றியது, எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது, எந்தப் பக்கத்துப் பாறையில் ஊற்று வருகிறது, சைடு போர் போட்டார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பணம் ஆலைத் தொழிலாளியிடம் இருக்கிறது. அறிவு விவசாயத் தொழிலாளியிடம் இருக்கிறது. இரண்டும் சேராமல் இந்தக் காரியம் உருப்படாது.

"இரண்டு இஞ்சுத் தண்ணீர்"

கிணறு போதாது என்றால் உடனே போர் என்பார்கள். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வருவார். அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் 24 குடும்பத்தின் பணத்தை ஒரு தேங்காயை நம்பிக் கொட்ட வேண்டாம். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, மக்கிய பாறை எங்கே தடித்திருக்கிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. அதுவும் தண்ணீருக்கு உத்தரவாதம் தராது. எங்கே துளைப்பது வீண் என்பதையாவது சொல்லும்.

போர் வண்டிக்காரர் "ஒரு இஞ்சு, இரண்டு இஞ்சு" என்பார். தகட்டில் 'வி' வடிவத்தில் வெட்டிய வாயில் வழியே தண்ணீர் எவ்வளவு உயரம் பாய்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. செங்கோணமாக வெட்டிய தகட்டில் ஒரு இஞ்சு என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்சு என்றால் ஆயிரம் அல்ல. சுமார் 2,900 லிட்டர். ஒரு இஞ்சுக்கும் இரண்டு இஞ்சுக்கும் ஐந்தரை மடங்கு வித்தியாசம்! தெரியாதவனை ஏமாற்ற இதைவிட வசதியான அளவு கிடையாது. ஆகவே இஞ்சை விடுங்கள். 200 லிட்டர் டிரம்மை வைத்து, நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். 4 நிமிஷம் என்றால் மணிக்கு 3,000 லிட்டர். அதுவும் கம்ப்ரஸர் காற்றில் பீய்ச்சும்போது அல்ல. மோட்டார் இறக்கிப் பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பிறகு பாருங்கள்.

ஆறரை இஞ்சுப் போரில் 300 அடி உயரம் தண்ணீர் நின்றாலும், அது 2,000 லிட்டருக்கும் குறைவு. நம் கிணற்றில் அது 3 அங்குலம்கூட இல்லை. போருக்குக் கையிருப்பு கிடையாது; அன்றாடக் கூலிதான்.

காலனிக் கைபம்பு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஊரில் உள்ள கைபம்பு ஏறக்குறைய 150 அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்காது. பணம் உள்ளவன் ஆயிரம் அடிக்குத் துளைத்து மோட்டார் வைத்தால், இருவருக்கும் ஒரே வெடிப்பில் தண்ணீர் வருமானால், முதலில் சாவது கைபம்புதான்.

சட்டம் இதைத் தடுத்ததா? 1843-ல் இங்கிலாந்தில் ஆக்டன்-பிளண்டெல் வழக்கு நடந்தது. ஒரு நூற்பாலைக்காரரின் கிணறு, பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் வற்றியது. தன் நிலத்தில் தோண்டியவன் மீது குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இந்தியாவுக்கு வெள்ளைக்காரன் போட்ட 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டமும் அந்த நியாயத்தையே பேசியது: நிலம் யாருடையதோ, அடியில் உள்ள தண்ணீரும் அவன் எடுத்துக்கொள்ளலாம். நிலம் இல்லாதவனுக்கு? ஒன்றுமில்லை! தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று.

சட்டம் தூங்கினாலும் மக்கள் தூங்கவில்லை. நமக்கு அடுத்த பாலக்காட்டு ஜில்லாவில், பிளாச்சிமடாவில், கொக்கோ கோலா ஆலை 2000-ல் வந்தது. தங்கள் கிணறுகள் கெட்டன, வற்றின என்று ஆதிவாசி மக்கள் 2002-ல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-ல் ஆலை நின்றது.

கம்பெனியை எதிர்த்து நாம் கேட்கும் நியாயத்தை நமக்கும் நாம் வைத்துக்கொள்ள வேண்டாமா? ஆகவே நம் சோதனை நடக்கும் மூன்று நாளும், காலனிப் பம்பில் ஒரு தோழர் நிற்கட்டும். குடம் நிரம்ப எத்தனை அடி அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணட்டும். பக்கத்து விவசாயியின் கிணற்றில் இன்னொருவர் கயிறு விட்டு அளக்கட்டும். நாம் இறைக்கும்போது அங்கே குறைந்தால், நாம் குடிப்பது அவர்கள் தண்ணீர். நிபுணர்களும் இப்படித்தான் சுற்றுக் கிணறுகளைப் பார்த்துச் சோதிக்கிறார்கள்.

குடிக்கத் தகுமா?

அளவு மட்டும் போதாது. நொய்யலில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது; திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. சுற்றுக் கிணறுகள் உப்பாயின. 2011-ல் சாயப் பட்டறைகளை மூடும்படி ஐகோர்ட்டு உத்தரவிடும் நிலைமை வந்தது. இன்னொன்று புளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் கறை விழும். அளவு கூடக் கூட எலும்பையும் முடக்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லா ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்த பிறகே அடுத்த பேச்சு.

செய்ய வேண்டியவை

ஒன்று: சோதனை முடியும் வரை முன்பணம் கிடையாது. சோதனைக்குச் சம்மதிக்காத சொத்துக்காரரின் கிணறு எப்படிப்பட்டது என்பதை அவரே சொல்லிவிட்டார்.

இரண்டு: பத்திரத்தைத் திரும்பப் படியுங்கள். கிணறு முழுவதும் நமக்கா, மூன்றில் ஒரு பாகமா, இறைக்க எத்தனை நாள் முறை என்று பாருங்கள்.

மூன்று: நம் பிர்கா "அதிகமாக உறிஞ்சப்பட்டது" என்ற பட்டியலில் இருக்கிறதா என்று நீர்வளத் துறையில் கேளுங்கள். 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்று 2024-ல் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் நம் குளம் உண்டா, தண்ணீர் உண்மையில் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். பஞ்சாயத்துக் குடிநீர் இணைப்பை எழுத்தில் கேளுங்கள். மூன்று பங்கு பற்றாக்குறைக்கு நியாயமான வழி அதுதான்.

நான்கு: 500 சதுர அடிக் கூரை ஒன்றில் வருஷத்துக்குச் சுமார் 24,000 லிட்டர் மழை பிடிக்கலாம். 24 கூரையும் சேர்ந்தால் 5 லட்சத்து 80 ஆயிரம். அத்தனையும் வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள். பூமி தரும் பங்குக்கு ஏறக்குறைய சமமாக நாம் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஐந்து: கிணற்றுக்கும் பம்புக்கும் ஒரு கமிட்டி. அதில் 24 குடும்பத்தார் மட்டுமல்ல, காலனித் தோழர்களும் சரிபாதி இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை மட்டத்தை அளந்து பஞ்சாயத்துச் சுவரில் எழுதுங்கள்.

பரீட்சையில் கிணறு தோற்றால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். வேறு நிலம் பாருங்கள். வருத்தம்தான். ஆனால் முப்பது வருஷ உழைப்பைக் கொடுத்து வறண்ட பாறையை வாங்குவதைவிடவும், காலனிப் பெண்களின் குடத்தைக் காலியாக்கி நம் தொட்டியை நிரப்புவதைவிடவும் அது மேல்.

தோழர்களே, நாளைக் காலை 6 மணிக்குக் கிணற்று மேட்டில் கூடுவோம். ஆலைத் தோழர்கள் கடிகாரம் கொண்டு வாருங்கள். காலனித் தோழர்கள் கயிறு கொண்டு வாருங்கள்.