புறக்கடைக் கொட்டில்



செம்பரம்பாக்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் பேரேரி. முழு ஆழம் 24 அடியும், கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடியும் உடையது அது. முன்னாளில் கழனிகளை வளர்த்த அந்நீர் இன்று சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்கின்றது. ஏரிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்துள்ளன. ஆடுகள் மேய்ந்த தரிசு நிலங்கள் பல மதிற்சுவர்களுக்குள் அடங்கிவிட்டன.

எனினும் புறக்கடையில் நாலு ஆடும் பத்துக் கோழியும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அக்குடும்பங்களுக்கு ஆடு என்பது நடமாடும் சேமிப்பு. பிள்ளையின் கட்டணத்திற்கும், திடீர் மருத்துவச் செலவிற்கும் கைகொடுப்பது அதுவே. மேய்ச்சல் குறைந்த இந்நாளில் அந்த ஆடு பெரும்பொழுதைக் கொட்டிலிலேயே கழிக்கின்றது. ஆகவே, கொட்டில் செம்மையாக அமையாவிடில் சேமிப்பே கரைந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மனையில் மேடான பகுதியே கொட்டிலுக்கு உரியது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், இவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதையும், அடையாற்றங்கரைக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. தரையை மண் கொட்டி உயர்த்துக. கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். தாழ்ப்பாள் இருட்டிலும் கைக்கு எளிதாக அகப்படட்டும். நள்ளிரவில் நீர் ஏறினால் முடிச்சவிழ்க்க நேரம் இராது.

இனி, அளவு. ஆட்டுக்கு வாலை அளந்து வைத்தான் என்பது பழமொழி. நாம் அதற்கு வீட்டையும் அளந்தே வைத்தல் வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி, குட்டிக்கு நான்கு, கோழிக்கு இரண்டு எனக் கொள்க. நான்கு பெட்டையாடுகளுக்கு 40, ஆறு குட்டிகளுக்கு 24, பன்னிரண்டு கோழிகளுக்கு 24. ஆகக் கூடுதல் 88 சதுர அடி. 11 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள கொட்டில் இதற்குச் சரியாகப் போதும். ஆட்டுக்கு எட்டடி, கோழிக்கு மூன்றடி என நீளத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையட்டும். கோடை வெயில் உள்ளே நேராகப் பாயாது. ஆனால், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும். அதனால் வடபுறத்திலும் கீழ்ப்புறத்திலும் சுருட்டி இறக்கத்தக்க ஓலைத்தட்டி வேண்டும். அதையும் கூரை வரையில் அடைத்துவிடாமல் மேலே ஒரு சாண் இடைவெளி விடுக. மூத்திர நெடி வெளியேற வழியின்றேல் ஆட்டுக்கு இருமலும் சளியும் வரும்.

ஆட்டின் பகுதிக்குப் பரண் அமைத்தல் சாலச் சிறந்தது. நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் மரச்சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டுப் பரப்பினால், புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும். ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கும். இடைவெளி மிகுந்தால் குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும். கீழே விழுந்ததை அவ்வப்போது வாரிக் குழியிலிட்டால் தோட்டத்திற்கு நல்லெரு. அண்டை வீட்டாருக்கும் மனக்குறை நேராது.

ஒரே கூரையின்கீழ் இருப்பினும் ஆட்டையும் கோழியையும் ஒன்றாக விடுதல் தகாது. கோழித் தீவனம் ஆட்டுக்குப் பேரவா. தானியத்தை அளவின்றித் தின்ற ஆடு, வயிற்றில் அமிலம் மிகுந்து இறந்துபோதலும் உண்டு. கோழியோ, ஆட்டின் தழையிலும் தண்ணீரிலும் எச்சமிட்டு நோயைப் பரப்பும். ஆகவே, நடுவே கூரைமட்டும் தடுப்பு வேண்டும். வாயில்களும் இரண்டு வேண்டும். கோழிப் பகுதியில் எட்டடிக் கழியொன்றைக் குறுக்கே கட்டினால், தலைக்கு எட்டங்குலம் வீதம் பன்னிரண்டு கோழிகளும் அடையும். முட்டையிட மூன்று பெட்டிகள் போதும். தரையில் உமியை நான்கங்குலம் பரப்பிக் கிளறி வருக. கீரியும் காட்டுப்பூனையும் நுழையாதவாறு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடித்து, அதன் அடியை மண்ணுள் ஓரடி புதைத்துவிடுக.

கொட்டில் எவ்வளவு நன்றாயினும் தடுப்பூசிக்கு அது ஈடாகாது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது நம் தமிழகத்து விழுப்புரம் பகுதியில்தான். குட்டிகள் மூன்று மாதம் கடந்ததும் அதற்கான ஊசியைப் போட்டுவிடுதல் வேண்டும். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசியும் அவ்வாறே. சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் வேறிடத்தில் கட்டி வைத்த பின்னரே கொட்டிலில் சேர்க்க. மேய்ச்சலுக்கு ஈடாக வேலியோரம் அகத்தி, சவுண்டல், கல்யாணமுருங்கை ஆகியவற்றை நட்டு வைத்தால் தழைக்கு அலைய வேண்டியதில்லை.

இவ்வளவிற்கும் பணம் எங்கே என்று சிலர் கேட்கலாம். கையிருப்புக் குறைவாயின், முதற்செலவு மேடான தரைக்கு, அடுத்தது கம்பிவலைக்கு, மூன்றாவது நடுத்தடுப்புக்கு. கூரைக்கு இப்போதைக்குக் கீற்றே போதும். பரணை அடுத்த ஈற்றுக் குட்டி விற்ற பணத்தில் அமைத்துக்கொள்ளலாம். தகரக் கூரை வேய்ந்துவிட்டு ஈரத் தரையில் ஆட்டைக் கட்டுவதைவிட, கீற்றின்கீழ் உலர்ந்த தரையில் கட்டுவது எவ்வளவோ மேல்.