சர்க்கரையைக் குறைக்கணும்னா டிகாக்ஷன்ல இருந்து ஆரம்பிங்க

இன்னைக்கு கோடிங் பத்தி எதுவும் கிடையாது. காபி பத்திப் பேசலாம். கஃபேல முன்னூறு ரூபாய் குடுத்துக் குடிக்கிற காபி இல்ல, வீட்டு எவர்சில்வர் ஃபில்டர்ல சொட்டுச் சொட்டா இறங்குதே, அது.

எதுக்கு இந்த டாபிக்னா, அப்பாவுக்கு இந்த வருஷம் சுகர்னு தெரிய வந்துச்சு. டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லல, அதுல போடுற சர்க்கரையைத்தான் நிறுத்தச் சொன்னார். அப்பா ஒரு நாளைக்கு நாலு காபி குடிப்பார், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 கிராம்னு வச்சாலே 32 கிராம் ஆச்சு. "சர்க்கரை இல்லாம இதைக் குடிக்கிறதுக்கு நிலவேம்புக் கஷாயம் குடிச்சிட்டுப் போறேன்"னுட்டார். பால் கலக்காம அந்த டிகாக்ஷனை மட்டும் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். மனுஷன் சொன்னதுல தப்பே இல்ல.

அப்போ கேள்வி மாறிடுது. சர்க்கரையை எப்படிக் குறைக்கிறதுன்றதை விட்டுட்டு, இது ஏன் இவ்வளவு கசக்குதுன்னு பார்க்கணும்.

முதல்ல பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. எங்க வீட்டுப் பாக்கெட்ல காபி 60, சிக்கரி 40னு போட்டிருந்துச்சு. நம்ம நாட்டு விதிப்படி காபி–சிக்கரி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவைப் பாக்கெட்லயே போட்டாகணும். அதாவது பாதிக்குக் கொஞ்சம் கம்மியா சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரி. சிக்கரின்றது ஒரு செடியோட வேர். வறுத்து அரைக்கிறாங்க. அதுல கஃபைன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் குடுக்கும், கூடவே ஒரு கருகின கசப்பும் வரும். சிக்கரியைத் திட்டுற கோஷ்டி நான் இல்ல. கொஞ்சம் இருந்தாத்தான் பால்ல டிகாக்ஷன் நிக்குது. ஆனா 40 எங்க வீட்டுக்கு ஜாஸ்தி. 85:15ல வந்து நின்னிருக்கோம்.

அடுத்தது கொட்டை. அராபிகாவை விட ரோபஸ்டாவுல கஃபைன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கசப்பும் அதிகம். காபிப்பொடி கடையில 'பிளாண்டேஷன் ஏ'ன்னு எழுதியிருந்தா அது கழுவிப் பதப்படுத்தின அராபிகா. 'பீபெரி'ன்னா பழத்துக்குள்ள ரெண்டு கொட்டைக்குப் பதிலா உருண்டையா ஒண்ணே ஒண்ணு விளைஞ்சது. 'செர்ரி'ன்னு போட்டிருந்தா பழத்தோட காய வச்சது. இந்தப் பேரெல்லாம் தெரிஞ்சா கடைக்காரர்கிட்ட தைரியமா பேசலாம். "ஏ பாதி, பீபெரி பாதி, ரொம்பக் கருக வறுக்காதது, கண்ணெதிர்ல அரைச்சுக் குடுங்கண்ணே"ன்னு கேளுங்க. 200 கிராமுக்கு மேல வாங்காதீங்க. அரைச்ச பொடியில வாசனை நாளுக்கு நாள் போயிட்டே இருக்கும். சிக்கரி வேற காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக் கட்டியாகிடும்.

இப்போ ஃபில்டருக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா இது. வெந்நீர் பொடிக்குள்ள போறப்போ முதல்ல புளிப்பு கரைஞ்சு வரும், அப்புறம் இனிப்பும் மணமும், கடைசியா கசப்பு. ஒரே பொடியில ரெண்டாம் டிகாக்ஷன் எடுக்கிறோமே, அது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பிழிஞ்சு எடுக்கிற வேலை. எங்க வீட்ல மத்தியானக் காபி மொத்தமும் ரெண்டாம் டிகாக்ஷன்தான். அதை நிறுத்தினதுமே பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. அம்மாவுக்குப் பொடி செலவு பத்தி வருத்தம், அது நியாயம்தான். ஆனா சுகர் மாத்திரையும் சும்மா வரலையே.

அளவு சொல்றேன். 20 கிராம் பொடி, 120 மில்லி தண்ணி. பொடி தன்னோட எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், அதனால கீழ 80 மில்லி கிட்ட இறங்கும். ரெண்டு டம்ளர் காபிக்கு அது போதும். ஃபில்டரை முதல்ல வெந்நீர் விட்டுச் சூடாக்கிட்டு, நல்லாத் துடைச்சுட்டுப் பொடி போடுங்க. இல்லன்னா குளிர்ந்த எவர்சில்வரே தண்ணியோட சூட்டைத் தின்னுடும். குடை மாதிரி இருக்கிற தட்டைப் பொடி மேல சும்மா வைங்க, அழுத்த வேண்டாம். கொதிச்ச தண்ணியை அடுப்புல இருந்து இறக்கி அரை நிமிஷம் விட்டுட்டு, முதல்ல பொடி நனையுற அளவுக்கு மட்டும் ஊத்துங்க. முப்பது செகண்ட் கழிச்சு மீதியை ஊத்துங்க.

15ல இருந்து 20 நிமிஷத்துக்குள்ள இறங்கிடணும். அஞ்சே நிமிஷத்துல இறங்கிட்டா பொடி கொரகொரன்னு இருக்கு. முக்கால் மணி நேரம் ஆனா ரொம்ப நைஸா அரைச்சிருக்காங்க, இல்ல தட்டை அமுக்கியிருக்கீங்க. நடுவுல சொட்டுறது சுத்தமா நின்னுடுச்சா? உடனே கரண்டியால தட்டாதீங்க. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்துல இறுக்கமா உக்காந்திருந்தா உள்ள இருக்கிற காத்து வெளிய போக வழியில்லாம டிகாக்ஷனைத் தடுக்கும். மேல் பாத்திரத்தை லேசாத் தூக்கி வைங்க, மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். அப்பவும் வரலைன்னா ஓட்டை அடைச்சிருக்கு. அடுத்த தடவை கழுவுறப்போ பிரஷ் போட்டுத் தேய்ங்க. பாட்டிங்க அந்த ஓட்டைத் தட்டை அடுப்புத் தீயில காட்டுவாங்க, அதுவும் வேலை செய்யும்.

டிபக் பண்ற மாதிரிதான், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. பொடி, தண்ணி, நேரம் மூணையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாது.

பால் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். தண்ணி கலக்காம நல்லாக் காய்ச்சுங்க. சூடான பாலை டிகாக்ஷன்ல ஊத்துங்க, டிகாக்ஷனை மட்டும் அடுப்புல ஏத்தாதீங்க. மறுபடி கொதிச்ச டிகாக்ஷன் கசக்கத்தான் செய்யும். பால்லயும் இயற்கையா சர்க்கரை இருக்கு, அதனால சுகர் இருக்கிறவங்க எத்தனை டம்ளர் குடிக்கலாம்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க. கலந்ததும் டபராவுல ரெண்டு ஆத்து ஆத்துங்க. கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும்.

அப்பா விஷயம் என்னாச்சுன்னா, ரெண்டு ஸ்பூனை ஒரே நாள்ல நிறுத்தல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை ஸ்பூன் குறைச்சோம். இப்போ அரை ஸ்பூன்ல நிக்கிறார், காபியும் நாலுல இருந்து மூணாச்சு. அந்த அரை ஸ்பூனைப் பத்திப் பேச்செடுத்தா பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிறார். அம்மாவுக்கு இந்தப் புதுக் காபி 'தண்ணி'. பழைய 60:40 பாக்கெட்டும் ரெண்டு ஸ்பூனும் அவங்களுக்குத் தனி. அதனால எங்க வீட்டு மேடையில இப்போ ரெண்டு ஃபில்டர்.

உங்க வீட்டு டிகாக்ஷன் இறங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நாளைக்கு ஒரு தடவை மொபைல்ல டைமர் போட்டுப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.