கணினி கண் மூடிவிட்டால்...

கணினி பழுதாவதற்கு நல்ல நேரம், கெட்ட நேரம் கிடையாது. பிள்ளைகளின் படங்களும், ஒருவர் பத்தாண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்த சிறுகதைகளும் ஒரே நொடியில் இருண்ட திரைக்குப் பின்னால் போய்விடும்.

அப்போது பலரும் கணினியை நிறுத்தி நிறுத்தி இயக்கிப் பார்ப்பார்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை வந்தால் அப்படிச் செய்யவே கூடாது. உள்ளே சுழலும் தட்டின்மேல், தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஒரு முனை மிதந்தபடி தகவலைப் படிக்கிறது. அது தட்டில் உராயத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மிஞ்சியிருப்பதும் அழியலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் மீட்டுத் தருபவரிடம் கொண்டுபோவதே நல்லது. அவர் கேட்கும் கட்டணம் புதுக் கணினியின் விலையைத் தாண்டினாலும் வியப்பில்லை!

"இதற்குத்தான் அச்சுப் புத்தகமே மேல்" என்பவர்கள் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்த, கறையான் அரித்த புத்தகங்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

அமேசான் நிறுவனத்தின் கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. இத்தகைய மின்வாசிப்பானில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கண் மங்கிய பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. கருவி உடைந்தாலும், வாங்கிய நூல்களைப் புதுக் கருவியில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நூல்கள் யாருக்குச் சொந்தம்? 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்றார் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. ஆவணங்களை அழித்து வரலாற்றை மாற்றும் அரசைப் பற்றிய நாவல் அது! 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் மறைந்தன. இரண்டு முறையும் பணம் திரும்பி வந்தது. அலமாரியில் உள்ள புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் வீடு தேடி வந்து எடுத்துப் போவதில்லை.

தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்புகள் கெடாமல் இருந்தாலும், இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். பழைய கணினி ஓடும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, தாளிலும் அச்செடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்குள்ள தமிழ் நூல்களில் பல எழுத்தாளரே கைக்காசு போட்டு அச்சிட்டவை. மறுபதிப்பு காண்பது அரிது. சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை 2015-இல் மின்மயமாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். வீட்டில் ஒரே பிரதியாக ஒரு பழைய நூலை வைத்திருப்பவர், வார இறுதியில் அதை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் கணினியிலும், இன்னொன்றை வெளித்தட்டிலும், மற்றொன்றை வேறு வீட்டிலுள்ள உறவினரிடமும் வைக்கலாம். மூலப் புத்தகத்தை வீசிவிட வேண்டாம்.